கறளும் காப்பும்: கொட்டியாரக் கரையில் உருக்கைப் பொதிந்து காத்த வரலாறு

அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அம்மன்னன் பெருமிதத்தோடு காட்டிய படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய பாடல் புறநானூற்றில் 95ஆவதாக அமைந்துள்ளது. தொண்டைமானின் வேல்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க அகன்ற மனையில் இருந்தன. அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து, கொல்லனுடைய சிறு கொட்டிலிற் கிடந்தன என்பது பாடற்செய்தி. புகழ்வதுபோலப் பழித்தும் பழிப்பதுபோலப் புகழ்ந்தும் நிற்கும் இதன் நயம் பலராலும் விரித்துரைக்கப்பட்டுள்ளது. தொழில்நுட்ப வரலாற்று நோக்கிலும் இப்பாடல் ஒரு சான்றாகும். பயன்பாட்டிலுள்ள இரும்புக்குக் கொல்லன் போதும். பயனின்றிக் காத்திருக்கும் இரும்புக்கு நெய்யும் அடைத்த மனையும் காவலும் வேண்டும். சங்ககாலத்தவர் இதனை அறிந்திருந்தனர். இரும்பைக் காத்திருக்க வைப்பது எளிய செயலன்று என்னும் இவ்வறிவே பிற்காலத்தில் உருக்கைப் பொதிந்து காக்கும் கலையாக வளர்ந்தது.

இவ்வறிவு ஏட்டளவில் நில்லாது அன்றாட வாழ்வில் உறுத்துகின்ற இடங்களுள் ஒன்று சம்பூர். திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவின் தென்கரைப் பக்கத்தில், மூதூருக்கு வடகிழக்கே அமைந்துள்ள இவ்வூர் பத்திரகாளி அம்பாள் ஆலயத்தாலும் வயலாலும் கடற்றொழிலாலும் அறியப்பட்டது. குடாவின் மறுகரையில் திருகோணமலை நகரும், உலகின் சிறந்த இயற்கைத் துறைகளுள் ஒன்றெனப் போற்றப்படும் உட்துறைமுகமும் உள்ளன. மாவலி கங்கை இக்குடாவிலேயே கடலோடு கலக்கின்றது. துறைமுகத்தின் பெருமையைப் பேசும் நூல்கள் பல; அத்துறையின் காற்று இரும்புக்குச் செய்வதைப் பேசுவன மிகச் சில. ஆயினும் துறைமுகத்தை ஆண்ட ஒவ்வோர் அரசும் பகைவரோடு பொருத நாள்களிலும் மிகுதியான நாள்களை இக்காற்றோடு பொருவதிலேயே கழித்தது எனலாம்.

துருவை ஈழத்து வழக்கிற் கறள் என்பர். இரும்பு, நீர், ஒட்சிசன் ஆகிய மூன்றும் கூடினாற் கறள் உண்டாகும் என்பது பள்ளிப்பாடம். ஆனால் நீர் என்பது மழையாகவோ அலையாகவோ வரவேண்டியதில்லை. கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய ஈரப்படலமே போதும். கடற்காற்றில் மிதந்துவரும் உப்புத் துணிக்கைகள் இவ்வீரத்தைத் தாமே ஈர்த்துக் கொள்வன. தூய கறியுப்பு, சாரீரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தை எட்டியதும் நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். கடலுப்பிற் கலந்துள்ள மகனீசியம் குளோரைட்டோ ஏறத்தாழ 33 வீதத்திலேயே கரையத் தொடங்கும். ஆதலால், வாடைக்காற்று மழையோடு வரும் மாதங்களில் மட்டுமன்றி, கச்சான் வறண்டு வீசும் மாதங்களிலும் கடலோரத்து இரும்பு முற்றாக உலர்வதில்லை. பகலில் உலர்ந்தாற் போலத் தோன்றும் கத்தியின் அலகு இரவில் மீண்டும் ஈரங்கொள்ளும். குளோரைட்டு அயன்கள் கறளின் அடியிற் புகுந்து தங்கிவிடுவதால், ஒருமுறை பற்றிய கறள் மேலே துடைத்தாலும் உள்ளே தொடரும். கரையிலிருந்து சில நூறு மீற்றர் உள்ளே சென்றதும் உப்பின் படிவு விரைந்து குறைகின்றது. ஆனால் கடற்றொழில் செய்பவன் தன் இயந்திரத்தைக் கரையைவிட்டு எவ்வளவு தூரம் கொண்டுசெல்ல இயலும்?

கரையோர மக்கள் இதற்குக் கண்ட மாற்று எளியது. கத்தி, கோடரி, மண்வெட்டி என்பவற்றைக் கழுவித் துடைத்து, தேங்காயெண்ணெயோ வேறெண்ணெயோ தடவி, எண்ணெய்த் துணியிற் சுற்றி வைப்பர்; அல்லது அடுக்களையில் அடுப்புப் புகை படியும் கூரையிற் செருகுவர். சிலர் சாம்பலுள் புதைப்பர். இவை மூன்றும் மூன்று வேறு கொள்கைகளைத் தழுவியவை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. எண்ணெய் நீருக்கும் உலோகத்துக்கும் இடையே திரையாகின்றது. புகையின் தார் மெல்லிய பூச்சாகப் படிகின்றது. அடுப்பின் வெப்பமோ ஈரத்தை அகற்றுகின்றது. சாம்பலின் காரத்தன்மை இரும்பின் மேற்பரப்பை வினைகுன்றச் செய்கின்றது. பொதியிடலில், தடை, உலர்வு, வேதிவினை என்னும் இம்மூன்றையே நவீன அறிவியலும் பெரும்பாலும் பின்பற்றுகின்றது. அது செய்ததெல்லாம் இம்மூன்றையும் அளந்து, பெயரிட்டு, தாளுக்குள்ளும் படலத்துக்குள்ளும் அடக்கியமையே.

இரும்பு இப்பகுதிக்கு அந்நியமான பொருளன்று. சம்பூருக்குத் தெற்கே சேருவிலைப் பகுதியில் செம்பும் மகனதைற்று என்னும் இரும்புக் கனியமும் சேர்ந்த படிவு 1971இற் கண்டறியப்பட்டது. கறள் என்பது இரும்பு தன் கனிய நிலைக்குத் திரும்பும் செயலாதலால், மண்ணிற் கனியமும் கரையிற் கறளும் அருகருகே உள்ள இடம் இது. 1660இற் கொட்டியாரக் கரையிற் கண்டி அரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்ட ரொபேட் நொக்ஸ், பத்தொன்பதாண்டுச் சிறைவாழ்வின் பின் தப்பிச் சென்று 1681இல் வெளியிட்ட நூலில், இத்தீவினர் இரும்பு உருக்கும் முறையையும் எழுதிவைத்தார். புயலில் இழந்த பாய்மரத்துக்கு மாற்றுத்தேடியே அவருடைய கப்பல் இக்குடாவுக்கு வந்தது. மரக்கப்பலின் காலத்தில் துறைமுகம் தந்த முதன்மைப் பொருள் மரமாகவே இருந்தது. உருக்குக் கப்பலின் காலத்தில் அதே துறைமுகம் உருக்கைப் பேணும் பணிமனையாக மாறவேண்டியிருந்தது.

தீவின் பழைய இரும்பை முதன்முதலாக நவீன முறையில் ஆராய்ந்தவர் மங்கனீசு உருக்கைக் கண்டுபிடித்த சேர் ரொபேட் ஹட்பீல்ட் ஆவார். கொழும்பு நூதனசாலையிலிருந்து பெற்ற பழம்பொருள்களை அவர் பகுப்பாய்ந்து 1912இல் எழுதிய கட்டுரையில், சிகிரியாவைச் சேர்ந்ததும் கி.பி. 5ஆம் நூற்றாண்டினதுமான உளி ஒன்று குறிப்பிடத்தக்க இடம்பெறுகின்றது. அதில் மங்கனீசு இல்லாமையும் பொசுபரசு மிகுந்திருந்தமையும் கண்டறியப்பட்டன. உலகம் ஆண்டுதோறும் கறளால் இழக்கும் செல்வத்தைப் பணத்தில் மதிப்பிட முயன்றவர்களுள்ளும் இவர் முன்னோடி. 1922இல் அவர் கூறிய தொகை 70 கோடிப் பவுண். அத்தொகையின் துல்லியத்தைப் பற்றி ஐயுறலாம். ஆனால் கறள் என்பது பொருளியற் கணக்கேட்டில் ஏறியது அக்காலத்திலேதான்.

பொதியிடுதலின் அறிவியல் தொடங்கிய இடம் ஒரு மசிலின் துணியாகும். 1920களில் இங்கிலாந்தில் வளிமண்டல அரிப்பை ஆராய்ந்த வேர்ணன் என்பவர், இரும்புத் துண்டொன்றை அறையின் வெளியிலே தொங்கவிட்டார். அதுபோன்ற இன்னொன்றை மெல்லிய மசிலின் துணியாற் செய்த கூட்டினுள் தொங்கவிட்டார். மறைப்பின்றித் தொங்கியது கறள் பிடித்தது. துணிக்கூட்டுள் இருந்தது மாதக்கணக்காகக் கறளின்றி இருந்தது. துணியினூடே காற்றும் ஈரமும் தடையின்றிப் போய்வந்தன. தடுக்கப்பட்டவை தூசியும் உப்புத் துணிக்கைகளும் மட்டுமே. ஈரப்பதன் ஒரு குறித்த எல்லையைக் கடக்கும் வரை, தூய வளியில் இரும்பு ஏறக்குறைய அமைதியாகவே இருக்கின்றது என்பதும், அவ்வெல்லைக்கு மேல் மாசுகளின் துணையோடு கறள் திடீரெனப் பெருகுகின்றது என்பதும் அவர் நிறுவிய உண்மைகள். மாறுநிலை ஈரப்பதன் என்னும் கருத்து இவ்வாறு பிறந்தது. எண்ணெய்த் துணியிற் கத்தியைச் சுற்றிய கிழவியின் செயலுக்கு இதனிலும் நல்ல விளக்கம் கிடைப்பதரிது.

இவ்வறிவு ஆய்வுகூடத்தைவிட்டு வெளியே வந்தது இரண்டாம் உலகப்போரின் நெருக்கடியில். 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அதற்குப்பின் பிரித்தானியக் கீழைக் கடற்படை ஆபிரிக்கக் கரைக்குப் பின்வாங்கி, 1944 தொடக்கத்திலேதான் இத்துறைக்கு மீண்டது. அவ்வாண்டே தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவில் அமைந்தது. இன்று மாணவர் உலாவும் அந்நிழல்களின் கீழ் அன்று வரையப்பட்ட திட்டங்கள் யாவும், பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் செய்யப்பட்ட உருக்குப் பொருள்கள் பல்லாயிரம் மைல் கடந்து பழுதின்றி வந்துசேரும் என்னும் நம்பிக்கையில் நின்றன. அந்நம்பிக்கை அடிக்கடி பொய்த்தது. பெட்டியைத் திறந்தபோது உருளைத்தாங்கிகள் ஒட்டிக்கிடந்தன; பற்சில்லுகள் பழுப்பேறியிருந்தன. ஆசியாவிலும் பசிபிக்கிலும் நடந்த போரில் இவ்வாறு பயன்படாது போனவை கொஞ்சமல்ல.

இதற்குக் காரணம் வெப்பவலயத்தின் ஈரம் மட்டும் அன்று. குளிர்நாட்டுத் துறையில் ஏற்றப்பட்ட உருக்கு, பெருந்திணிவுடையதாதலால், வாரக்கணக்காகத் தன் குளிரை விடுவதில்லை. அது சூடும் ஈரமும் மிக்க வளியைச் சந்திக்கும்போது, குளிர்ந்த சோடாப் போத்தலின் புறத்தே நீர் வியர்ப்பதுபோல அதன் மேலும் நீர் வியர்க்கும். கப்பலோர் இதனைச் சரக்கு வியர்த்தல் என்பர். பெட்டியினுள் சிறைப்பட்ட அந்நீர் எங்கும் போக வழியில்லை. பச்சை மரப்பலகையாற் செய்த பெட்டியாயின் மரத்திலிருந்து வெளிப்படும் அசற்றிக்கமிலத்தின் ஆவியும் சேர்ந்து கொள்ளும். சாக்கு உப்பையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக் கொள்ளும். எல்லாவற்றினும் வியப்பானது மனிதக் கையாகும். பொதிபவனின் விரல் வியர்வையிலுள்ள உப்பு உருக்கில் ஒட்டி, தாளின் அடியில், அவ்விரல் ரேகையின் உருவத்திலேயே கறளாக எழும். தவறாகப் பொதிந்த இரும்பு பொதியாத இரும்பினும் கெடும் என்பதைப் படையினர் பெருஞ்செலவிற் கற்றனர்.

போர்க்கால முறைகளுள் முதலாவது கிறீசு. பெற்றோலியத்திலிருந்து பெறப்பட்ட மெழுகுபோன்ற தடித்த பொருளைச் சூடாக்கி அதிற் பாகங்களைத் தோய்த்தெடுத்து, எண்ணெய் ஊறாத தாளிற் சுற்றி, நிலக்கீல் இடையிட்ட கிராப்ற்றுத் தாளால் மீண்டும் சுற்றிப் பெட்டியில் அடைத்தனர். கொஸ்மொலீன் என்னும் வணிகப்பெயரால் அமெரிக்கப் படைவீரர் நினைவில் வெறுப்போடு தங்கிய பொருள் இதுவே. காப்பு நன்று; ஆனால் திறந்தவர்கள் ஒவ்வொரு துப்பாக்கியையும் மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ கழுவவேண்டியிருந்தது. நுண்ணிய குழாய்களிலும் மின்கருவிகளிலும் கிறீசு பூசவே முடியாது. இரண்டாவது முறை உலர்வு. வால்டர் பற்றிக் 1919இற் காப்புரிமை பெற்ற சிலிக்கா ஜெல் என்னும் நுண்துளைப் பொருள், சிறு பைகளில் இடப்பட்டு, ஈரம் புகாத உறையினுள் கருவியோடு சேர்த்து அடைக்கப்பட்டது. கோபாற்றுக் குளோரைட்டுத் தோய்ந்த மணிகள் உலர்ந்திருக்கும்போது நீலமாகவும் ஈரமேறியதும் இளஞ்சிவப்பாகவும் மாறி, உறையைத் திறவாமலே உள்நிலையைக் காட்டின. ஆனால் உறையில் ஊசித்துளை ஒன்று விழுந்தாலும் வெப்பவலயத்து வளி உட்புகுந்து பையை நிறைத்துவிடும்.

மூன்றாவது முறை பிறந்த கதை சுவையானது. பெற்றோலைக் கொண்டு செல்லும் உருக்குக் குழாய்களின் உட்புறம், எண்ணெயோடு கலந்துவரும் சிறிதளவு நீரால் அரிபட்டு வந்தது. அமெரிக்காவின் ஷெல் ஆய்வுகூடத்தில் ஆரன் வாக்டரும் அவருடன் உழைத்தோரும், அந்நீரில் மிகச்சிறிதளவு சோடியம் நைத்திரைற்றைச் சேர்த்தால் அரிப்பு ஏறத்தாழ நின்றுவிடுகின்றது என்று 1943இற் காட்டினர். நைத்திரைற்று, இரும்பின் மேற்பரப்பில் மெல்லிய ஒட்சைட்டுப் படலமொன்றை உண்டாக்கி அதனை வினைகுன்றச் செய்கின்றது. ஆனால் சோடியம் நைத்திரைற்று ஆவியாகாது. குழாயினுள் நீரோடு செல்லுமேயன்றி ஒரு பெட்டியினுள் மூலைமுடுக்குகளை அடையாது. ஆகவே நைத்திரைற்றை ஓர் அமீனோடு பிணைத்து, தானாகவே மெல்ல ஆவியாகும் சேர்வையொன்றை ஆக்கினர். இருசைக்கிளோஎட்சைல் அமோனியம் நைத்திரைற்று என்னும் நீண்ட பெயருடைய இவ்வெண்ணிறத் தூளைத் தாளிற் பூசி, அத்தாளால் உருக்கைச் சுற்றினாற் போதும். தாள் உலோகத்தை ஒட்டியிருக்கவேண்டியதில்லை. பெட்டியினுள் ஆவி பரவி, உலோகத்தின் மேலுள்ள ஈரப்படலத்திற் கரைந்து, அமீன் அதனைக் காரமாக்க, நைத்திரைற்று உலோகத்தை வினைகுன்றச் செய்யும். ஈரத்தை வெளியேற்றாமல் ஈரத்தையே காவலாக மாற்றும் உபாயம் இது. ஆவிநிலைத் தடுப்பான் எனப் பெயர்பெற்ற இம்முறையைக் குறித்து அவர்கள் 1951இல் விரிவான ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். திறந்தவர் தாளை உரித்தெறிந்து கருவியை அக்கணமே பயன்படுத்தலாம் என்பதே போர்வீரனுக்கும் பொறியியலாளனுக்கும் இதில் உவப்பான பண்பு.

இங்கிலாந்தின் ரெடிங்ரன் இரசாயன ஆய்வுகூடத்தில் வேர்ணனும் அவர்தம் குழுவினரும் வேறிரு வழிகளைக் கண்டனர். ஒன்று சோடியம் பென்சோவேற்று ஊறிய தாள். உணவைப் பேணவும் பயன்படும் இப்பொருள் நச்சற்றது. ஆனால் ஆவியாகாது, தாள் உலோகத்தைத் தொட்டிருக்கவேண்டும். மற்றையது சைக்கிளோஎட்சைலமீன் காபனேற்று. இது அமெரிக்கச் சேர்வையினும் சில ஆயிரம் மடங்கு மிகுந்த ஆவியமுக்கம் உடையது. ஆதலால் பெரிய வெளிகளை விரைந்து நிரப்பும். விரைந்தே தீர்ந்தும் போகும். அமெரிக்கச் சேர்வை மெல்ல எழுந்து நெடுநாள் நிற்கும். இரண்டையும் கலந்து, முதல் நாள்களுக்கு ஒன்றும் பின்னாள்களுக்கு மற்றொன்றுமாகப் பயன்படுத்தியதுண்டு. இவ்வேறுபாடு வெப்பவலயத்துக்கு மிக முக்கியமானது. வெப்பம் ஏற ஏற ஆவியமுக்கமும் ஏறும். குளிர்நாட்டுக் களஞ்சியத்திற் பல ஆண்டு நிற்கும் தாள், திருகோணமலையின் தகரக்கூரைக் கொட்டிலொன்றில் அதே காலம் நிற்காது. சேமிப்புக்காலம் என்று தாளின்மேல் அச்சிடப்பட்ட எண், எந்த ஊரின் வெயிலைக் கொண்டு கணிக்கப்பட்டது என்பதே கேட்கவேண்டிய வினாவாகும்.

போர்க்காலத்தில் உருப்பெற்ற பிரித்தானியப் பொதியிடல் விதித்தொகுதியில், உலோகங்களைப் பற்றிய பகுதி இம்முறைகள் அனைத்தையும் தற்காலிகக் காப்பு என்னும் பெயரின் கீழேயே வகுக்கின்றது. வண்ணப்பூச்சும் நாகமுலாமும் பொருளோடு வாழ்நாள் முழுவதும் இருப்பவை. தாளும் கிறீசும் அகற்றப்படுவதற்காகவே இடப்படுபவை. ஒவ்வொரு பொதியும், குறித்த காலத்துக்குள் ஒருவர் வந்து திறப்பார் என்னும் எதிர்பார்ப்பின்மேல் நிற்கின்றது. அவர் வாராவிடின் பொதி தானே கறளின் கூடாகிவிடும். கொட்டியாரக் குடாவின் பிற்கால வரலாறு, திறப்பவர் வாராத பொதிகளின் வரலாறாக இருந்தமை வருந்தத்தக்கது.

1942 ஏப்பிரல் தாக்குதலில் எரிந்த சகாயிங் என்னும் கப்பல் போர்ப்பொருள்களோடு துறையில் நின்றிருந்தது. பின்னர் அது இறங்குதுறையாகப் பயன்படுமாறு மூழ்கடிக்கப்பட்டது. 2018இல் இலங்கைக் கடற்படையினரின் சுழியோடிகள் மாதக்கணக்கில் உழைத்து அதனை மிதக்கவைத்து, துறையைவிட்டு அகற்றி, ஆழ்கடலில் மீண்டும் அமிழ்த்தினர். ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு நீரடியிற் கிடந்த உருக்கு மேலெழும் வலிமையோடு இருந்தமைக்கு, ஆழத்திலும் சேற்றிலும் ஒட்சிசன் குறைந்திருப்பதும் ஒரு காரணமெனக் கருதலாம். கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுரண்டிப் பூசிப் பேணுவதற்காகக் கொணரப்பட்ட மிதக்கும் செப்பத்துறையோ, 1944 ஓகத்து 8ஆம் நாள் வலியன்ற் என்னும் போர்க்கப்பலைத் தாங்கியிருந்தபோது நிலைகுலைந்து அத்துறையிலேயே மூழ்கியது. கறளைத் தடுக்க வந்த உருக்குக்கே அக்கதி நேர்ந்தது.

1957 ஒக்ரோபரில் கடற்படைத்தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்கள் இன்னொரு பாடம். பிரித்தானியர் நிறுவிய நூற்றுக்கு மேற்பட்ட உருக்குத் தாங்கிகளில் 99 எஞ்சின. எண்ணெய் நிறைந்த தாங்கியின் உட்புறம் பெரிதும் எண்ணெயாலேயே காக்கப்படும்; வெறுமையான தாங்கி உள்ளும் புறமும் காற்றுக்கு இரையாகும். மேற்குதத் தொகுதி பல பத்தாண்டுகள் காடு மூடிக் கிடந்தது. 2022 சனவரி உடன்படிக்கை 14 தாங்கிகளை இந்திய நிறுவனத்துக்கும் 24ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் 61ஐக் கூட்டு நிறுவனத்துக்கும் பகிர்ந்தது. யாருக்கு எத்தனை என்பது பற்றி எழுந்த அரசியல் விவாதம் பெரிது. இடைப்பட்ட ஆண்டுகளில் தகடு எவ்வளவு மெலிந்தது என்னும் வினா அவ்விவாதத்திற் பெரிதாக ஒலிக்கவில்லை.

குடாவின் தென்கரையில் நிகழ்ந்தது இவற்றினும் கொடியது. 2006 ஏப்பிரலில் சம்பூர்ப் பகுதி குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. அவ்வாண்டு செத்தெம்பரில் அரசபடையினர் அதனைக் கைப்பற்றினர். மக்கள் யாவரும் இடம்பெயர்ந்தனர். அடுத்த ஆண்டு அப்பகுதி உயர்பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. 2012இல் 818 ஏக்கர் நிலம் கனரகக் கைத்தொழிலுக்கென ஒதுக்கப்பட்டது. 2015இல் அவ்வொதுக்கீடு இரத்தாயிற்று. 500 மெகாவாற்று நிலக்கரி மின்னிலையத் திட்டம் 2016இற் கைவிடப்பட்டது. மக்கள் தம் காணிகளுக்கு மீண்டது 2015, 2016 ஆண்டுகளிலே. ஒன்பது ஆண்டுகளை எண்ணெய்த் துணி தாங்காது. அடுப்பெரியாத வீட்டில் புகையும் இல்லை. மீண்டவர்களில் மிகப்பலருக்கு வீடே இருக்கவில்லை. வளவுகள் காடாகியிருந்தன, அக்காட்டை வெட்டுதற்கு முதலில் வேண்டப்பட்டவை கத்தியும் மண்வெட்டியுமே. இவ்வொன்பதாண்டில் உலகின் படைக்களஞ்சியங்களிற் கிடந்த துப்பாக்கிகள் ஆவிநிலைத் தடுப்பான் தாளுள் பளபளப்பாக இருந்திருக்கும் என்பதை எண்ணுகையில், தொண்டைமானின் கொட்டில் வேறு பொருளில் நினைவுக்கு வருகின்றது. காப்பின் அறிவியல் எல்லோருக்கும் பொது, காப்பு அவ்வாறன்று.

இவ்வறிவியல் படைக்கு வெளியே பரவிய வரலாற்றில் தமிழகத்துக்கும் இடமுண்டு. கொட்டியாரம் போன்ற வெப்பவலயக் கரையொன்றில் உருக்கின் நடத்தையை நெடுங்காலம் அளந்தவர்கள் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தினர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாவும் வழங்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953 சனவரியில் திறக்கப்பட்ட இந்நிலையம், மண்டபத்தில் கடற்கரை ஆய்வுக்களமொன்றை அமைத்து, உலோகத் தகடுகளைக் காற்றுக்கும் உப்புக்கும் விட்டு அவற்றின் எடையிழப்பைக் கணித்தது. அருகிலுள்ள பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் 1914 முதல் 2022 வரை தொடர்வண்டிகளைத் தாங்கியமை, இடையறாத சுரண்டலாலும் பூச்சாலும் பாகமாற்றத்தாலுமே. ஆவிநிலைத் தடுப்பான்களும் காரைக்குடியில் ஆராயப்பட்டன. வெப்பமும் ஈரமும் மிக்க நாட்டின் களஞ்சிய நிலைகளைக் கொண்டே அவற்றை மதிப்பிடவேண்டும் என்னும் நோக்கு இத்தகைய நிலையங்களாலேயே வலுப்பெற்றது.

பழைய நைத்திரைற்றுத் தாளுக்கு ஒரு குறையும் வெளிப்பட்டது. வழியமீனும் நைத்திரைற்றும் கூடும் இடத்தில் நைத்திரோசமீன்கள் உண்டாகலாம். அவற்றுட் பல புற்றுநோயைத் தூண்டுவன. போர்க்காலத்திற் போற்றப்பட்ட சேர்வை இவ்வாறு ஐயத்துக்குள்ளாக, பல நாடுகளில் பென்சோவேற்று முதலிய காபொட்சிலேற்று உப்புகளை அடிப்படையாகக் கொண்ட தடுப்பான்கள் அதன் இடத்தைப் பெற்றுவருகின்றன. 1970கள் முதல் தாளோடு பொலித்தீன் படலமும் தடுப்பானைச் சுமக்கலாயிற்று. இன்று மோட்டார் உதிரிப்பாகம் வாங்குபவர் கையில் வரும் நீலநிற அல்லது மஞ்சள்நிற உறை பெரும்பாலும் இவ்வகையினதே. மூதூர்க் கடையிற் படகியந்திரத்தின் பாகமொன்றை வாங்குபவர், உறையைக் கிழித்தெறியாது பாகத்தைப் பயன்படுத்தும் நாள்வரை அதனுள்ளேயே வைத்திருப்பாராயின், ஓர் உலகப்போரின் செலவிற் பெறப்பட்ட காப்பை விலையின்றிப் பெறுகின்றார்.

2025 ஏப்பிரல் 5ஆம் நாள் சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரியமின் திட்டத்தின் பணிகள் தொடக்கிவைக்கப்பட்டன. இத்தகைய திட்டங்களிற் சூரியத் தகடுகளைத் தாங்கும் சட்டங்கள் பொதுவாக நாகமுலாமிட்ட உருக்காலானவை. இங்கே பொதியிடலின் பழைய விதி தலைகீழாகின்றது. உருக்கைக் காக்கும் இருசைக்கிளோஎட்சைல் அமோனியம் நைத்திரைற்று நாகத்தைத் தாக்கவல்லது. நாகமுலாமிட்ட சட்டங்களை இறுக அடுக்கி, ஈரம் உட்சிக்குமாறு உறையிட்டு வைத்தால், அவற்றிடையே வெண்கறள் என்னும் வெண்ணிறப் படிவு சில வாரங்களிலேயே தோன்றும். நாகம் தன்னைக் காத்துக்கொள்ளும் காபனேற்றுப் படலத்தை ஆக்குவதற்குக் காற்றோட்டம் வேண்டும். எனவே கரையில் இறக்கப்படும் இச்சட்டங்களைச் சற்றே சாய்த்து, இடையிடையே உலர்ந்த மரச்சட்டம் வைத்து, நிலத்திலிருந்து உயர்த்தி, காற்றுப் புகுமாறு அடுக்கவேண்டும். பெட்டியிலுள்ள ஆணியும் மரையும் உருளைத்தாங்கியும் மட்டும் தத்தம் உறைக்குள் இறுகவே இருத்தல் வேண்டும்.